வாலைக் காட்டிப் பேரைக் கேக்கறான்

ஏங்கண்ணு, சோறு ஆறுதுன்னு உங்க ஆத்தா கூப்புட்டுக் கூப்புட்டுத் தொண்டை வத்திப்போச்சு. நீ என்னடான்னா போனைக் கையில புடிச்சுக்கிட்டு மோட்டுவளையைப் பாத்துட்டு உக்காந்திருக்கே. பரீச்சையா? இல்லையாம். வேலை குடுக்கறவன் ஏதாச்சும் கேள்வி கேட்டிருக்கானா? அதுவும் இல்லையாம். எப்பவோ ஓஞ்சுபோன ஏரோப்ளேனுக்குப் பேரு கண்டுபுடிக்கறானாம்! நல்ல பொளப்பு.

சரி, அந்தக் கேள்வியத்தான் படியேன், நானும் கேக்கறேன்.

“வால் பாதிதான். குடியிருப்பவர்களுக்கோ பக்கத்தில் தனி வீடு. டாக்டர் கணக்குப் போட்டார், அமைச்சகம் ஒதுக்கிவிட்டது. நான் யார்?”

இதென்ன கேள்வியா, கோடாங்கிக்காரன் குறியா? இதை எழுதினவனுக்கு ரெண்டு ஆசை கண்ணு. விடையை ஆரும் சொல்லீரக் கூடாது. ஆனா இவனுக்கு எவ்வளவு தெரிஞ்சிருக்குன்னு எல்லாரும் வாயைப் பொளக்கோணும். கூழும் வேணும், மீசையிலயும் ஒட்டக்கூடாது.

கேள்வி போடறவன் லச்சணத்தைச் சித்தெ பாரு. பழைய புஸ்தகத்துல ஆரும் பொரட்டாத பக்கமாத் தேடி ஒரு படத்தை எடுப்பான். மூக்கை வெட்டுவான். றெக்கையை வெட்டுவான். நம்பரை அழிப்பான். கடைசியில ஒரு சக்கரமும் அரைச் சாண் தகரமும் மிஞ்சும். அதைக் காட்டி, “ரொம்ப சுலபம், சொல்லுங்க பாக்கலாம்”பான். சுலபம்னா எதுக்குடா மூக்கை வெட்டினே?

பதில் சொல்றவன் மட்டும் கொறைஞ்சவனா? பேரு சரியா வந்தாலும் விடமாட்டான். “பேரு சரிதானுங்க, ஆனா இது பி ரகம் இல்லீங்க, ஏ ரகம். வால் சக்கரத்து மூடியைப் பாருங்க”ன்னு ஒருத்தன் கெளம்புவான். அவனுக்கு மேல ஒருத்தன் வந்து, அந்த மூடி பின்னாடி மாத்துனதும்பான். ராத்திரி முச்சூடும் மூடிச் சண்டை. மூடிக்கு மேல ஒரு ஏரோப்ளேன் இருக்கறதே ரெண்டு பேருக்கும் மறந்துபோகும்.

நீ சின்னப் பையன். இந்த வம்புல மாட்டிக்கிட்டே. அப்பாரு ஒரு வழி சொல்லறேன், கேட்டுக்க. துப்புல இருக்கற வார்த்தையக் கடிச்சுக் கடிச்சுப் பாக்காதே. “இந்த வண்டியை எதுக்குடா செஞ்சாங்க?”ன்னு ஒரு கேள்வி கேளு. அவ்வளவுதான்.

இப்பப் பாரு. எதிரியோட பாசறை, ரோடு, பாலம் எல்லாத்தையும் மேல இருந்து எட்டிப் பாத்துட்டு வர ஒரு விமானம் வேணும்னு ஜெர்மன் விமான அமைச்சகம் 1930கள்ல கேட்டுச்சு. எஞ்சின் ஒண்ணுதான் இருக்கோணும்னும் சொல்லிச்சு. ஒத்தை எஞ்சின்னா எங்க இருக்கும்? மூக்குலதான். மூக்குல எஞ்சின் இருந்தா உள்ள இருக்கறவன் எதைப் பாப்பான்? எஞ்சின் முதுகைத்தான் பாப்பான். வேவு பாக்கறதுக்குன்னே செய்யற வண்டியில இது அநியாயமில்லையா? ஹாம்பர்க்குல புளோம் அண்ட் வோஸ் கம்பெனியில ரிச்சர்ட் வோக்ட்னு ஒரு இஞ்சினியர். டாக்டர் பட்டம் வாங்கினவரு. அவரு ரோசனை பண்ணினாரு. எஞ்சின் மறைக்குதுன்னா ஆளைத் தள்ளி உக்கார வெச்சாப் போச்சு! எஞ்சினும் வாலும் ஒரே உருளையில இடது பக்கம். ஆளுங்க இருக்கற கண்ணாடிக் கூண்டு வலது பக்கம், றெக்கை மேல தனியா. பின்னால சுடறவனுக்கு வால் குறுக்க நிக்குதுன்னதும், கூண்டுப் பக்கத்து வால் தட்டையும் எடுத்துப்போட்டாரு. அதுதான் உன்ற பாதி வால்.

பாத்தவன் எல்லாம் இது ஒருச்சாஞ்சு விழுந்துரும்னுதான் நெனைச்சிருப்பான். 1938 பிப்ரவரியில நல்லாவே பறந்துச்சு. முன்காத்தாடி சுத்தற இழுப்பை மறுபக்கத்துக் கனம் ஈடுகட்டிப்போட்டுது. டாக்டர் போட்ட கணக்கு அது. பேரு பி.வி. 141. அமைச்சகம் கடைசியில ரெட்டை எஞ்சின் வெச்ச ஃபோக்க-வுல்ஃப் 189ஐ எடுத்துக்கிட்டுது. இது இருபது சொச்சத்தோட நின்னுபோச்சு. பாத்தியா? எதுக்குன்னு கேட்டதும் வாலு, வீடு, டாக்டர், அமைச்சகம் அத்தனையும் வரிசையா வந்து நிக்குது.

அப்பறம் என்னமோ ரெண்டு வாலுன்னு சொன்னியே? “எனக்கு இரண்டு வால், ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லை.” அதுக்கும் முழிச்சே. வாலை ரெண்டாப் பிரிச்சு, நடுவுல ஒரு கட்டையும் போடாம எதுக்கு உடுவான்? நடுவுல எடம் வேணும்னு உடுவான். எடம் எதுக்கு? ஏதோ ஒண்ணு அங்க வந்துட்டுப் போகோணும். என்ன வரும்? உர லாரி! ஆஸ்திரேலியாவுல டிரான்சாவியா கம்பெனி 1965ல பறக்கவிட்ட ஏர்ட்ரக் அது. மேய்ச்சல் காட்டுக்கு மேல சூப்பர் பாஸ்பேட் தூவற வண்டி. லூய்ஜி பெல்லாரினின்னு ஒரு இத்தாலிக்காரரு உருவம் போட்டாரு. லாரி பின்னால வந்து, ரெண்டு வாலுக்கும் நடுவுல பூந்து, உரத்தைத் தொட்டியில கொட்டிட்டுப் போயிரும். றெக்கையைச் சுத்திக்கிட்டு அலைய வேண்டியதில்லை. பாக்க அவலட்சணம்தான். 1985ல வந்த மேட் மேக்ஸ் படத்துல அதை நடிக்கவே வெச்சுப்போட்டாங்க. ஆனா காட்டு வேலை தெரிஞ்ச மனுசன் செஞ்ச வண்டி. எனக்கு அது மேல ஒரு மரியாதை உண்டு.

காட்டு வேலைன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. இது பண்ணையக்காரனுக்கு மட்டுந்தான் முழுசாப் புரியும். உனக்கும் சொல்லறேன், தோட்டத்துப் பக்கம் கால் வெச்சாவது பாத்திருக்கே இல்லே?

வெள்ளாமைக்கு மருந்தடிக்கற விமானத்துக்கு என்ன வேணும்? தாழப் பறக்கோணும். மெல்லப் போகோணும். எண்ணெய் கம்மியாக் குடிக்கோணும். மண்ணுத் தரையில எறங்கோணும். பழுதுன்னா பட்டறைப் பையன் ஸ்பேனரோட வந்து பொழுதுக்குள்ள சரி பண்ணோணும். சோவியத் தேசத்துக் கூட்டுப் பண்ணைகள்ல இதெல்லாம் பண்ண ஒரு வண்டி இருந்துச்சு. ஆன்-2. ஒலெக் அன்டோனவ் செஞ்சது, 1947ல மொதல்ல பறந்துச்சு. மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெட்டை றெக்கை, மூக்குல ஆயிரம் குதிரை பிஸ்டன் எஞ்சின். அழகெல்லாம் ஒண்ணுமில்லை. ஆனா சொன்ன வேலையைச் செய்யும்.

மேல உக்காந்திருந்த பெரிய மனுசங்களுக்கு அது பொறுக்கலை. உலகமே ஜெட்டுல போகுது, நம்ம கோதுமைக் காட்டுக்கு மட்டும் பழைய எஞ்சினா? போலந்து நாட்டு மியெலெட்ஸ் ஊரு விமான ஆலையில சொல்லி ஒண்ணு செய்ய வெச்சாங்க. எம்-15ன்னு பேரு. 1973ல பறந்துச்சு. ரெட்டை றெக்கை அப்புடியே இருக்கு. ரெண்டு றெக்கைக்கும் நடுவுல பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு பெரிய மருந்துத் தொட்டி. முதுகு மேல யாக்-40 பயணிகள் விமானத்துக்குப் போடற அதே ஜாதி ஜெட் எஞ்சின்! வேகம்? முழு மூச்சா முடுக்கினாலும் மணிக்கு 200 கிலோமீட்டர். ஏங்கண்ணு, ஜெட் எஞ்சின் ஒசரத்துல வேகமாப் போறதுக்குப் பொறந்தது. தாழ, மெல்ல ஓட்டினா கணக்கில்லாம எண்ணெயைக் குடிக்கும். இவங்க அதைப் புடிச்சு, பயிருக்கு நாலு அடி மேல, புழுதிக்குள்ள, ஆமை வேகத்துல ஓட்டினாங்க. அந்தச் சத்தத்துக்கு அதைப் பாத்தவங்க பெல்ஃபெகோர்னு ஒரு பேய்ப் பேரையே வெச்சுப்போட்டாங்க.

ஆயிரக்கணக்குல வாங்கறதாத்தான் பேச்சு. 175 செஞ்சதும் 1981ல கதவைச் சாத்திக்கிட்டாங்க. இப்பச் சிரிப்பு என்னன்னு கேளு. எந்த ஆன்-2ஐ ஒழிச்சுக் கட்டோணும்னு இதைச் செஞ்சாங்களோ, அந்த ஆன்-2ஐயும் அதே மியெலெட்ஸ் ஆலைதான் செஞ்சுக்கிட்டு இருந்துச்சு. எம்-15 நின்னதுக்கு அப்பறமும் அதைச் செஞ்சுச்சு. மொத்தம் 18,000க்கு மேல ஆன்-2 உலகத்துல பொறந்திருக்கு. கேள்வி போடறவன் இதை எப்புடிக் கேப்பான் தெரியுமா? “உலகிலேயே மெதுவான ஜெட் எது?”ம்பான். நீயும் பேரைச் சொல்லிப்போட்டு மார்க்கு வாங்கிக்குவே. அந்த எஞ்சினுக்கு எண்ணெய் ஊத்தினவன் வயித்தெரிச்சலை ஆரு கேக்கறது?

பகட்டுக்குன்னு செஞ்சது இன்னும் ஏகப்பட்டது இருக்கு. இத்தாலியில கப்ரோனிங்கற ஆளு 1921ல ஒம்பது றெக்கை, எட்டு எஞ்சின் வெச்சு, நூறு பேரை ஏத்திக்கிட்டு சமுத்திரம் தாண்டறேன்னு ஒண்ணைச் செஞ்சாரு. ரெண்டாவது தடவை கெளம்பினப்பவே மஜோரே ஏரியில விழுந்துச்சு. அமெரிக்காக்காரன் 1948ல காப்ளின்னு ஒரு குட்டி ஜெட் செஞ்சான். பெரிய குண்டுவீச்சு விமானத்து வயித்துக்குள்ள வெச்சுத் தூக்கிட்டுப் போயி, நடுவானத்துல எறக்கிவிட்டு, சண்டை முடிஞ்சதும் கொக்கியில மாட்டி உள்ள இழுத்துக்கறதாத் திட்டம். எறங்கறதுக்குச் சக்கரமே வெக்கலை. மொத நாளே கொக்கி மாட்டப் போயி, ஊஞ்சக் கம்பியில மோதிக் கண்ணாடி ஒடைஞ்சு, அந்த விமானி வயித்துப் பக்கமாத் தரையில தேச்சு எறக்கித் தப்பிச்சாரு. சண்டையே இல்லாம சும்மா மாட்டறதுக்கே இந்தப் பாடு! குட்இயர் டயர் கம்பெனி 1956ல காத்தடிச்சு ஊதற ரப்பர் ஏரோப்ளேன் ஒண்ணு செஞ்சுச்சு. பன்னெண்டு செஞ்சாங்க. அம்பு உட்டாலே விழுந்துரும் விமானத்தைப் பட்டாளத்துல வெச்சு என்ன பண்றதுன்னு ராணுவம் கைகழுவிருச்சுன்னு ஒரு பேச்சு உண்டு. பேச்சு நெசமோ பொய்யோ, நாயம் சரியாத்தான் இருக்கு.

அப்ப வினோதமா இருக்கறது எல்லாமே கோமாளித்தனமா? அப்புடிச் சொல்லீராதே. எனக்குப் புடிச்ச விடை ஒண்ணு இருக்கு. உன்ற கேள்விக்காரன் அதை எப்பவாச்சும் கேப்பான், இல்லாட்டி அவன் கேள்விக்காரனே இல்லை. “மூணு இல்லை, ரெண்டும் இல்லை. நான் யார்?” டி.சி. ரெண்டரை!

1941, சீன தேசம். ஜப்பான்காரன் தெனமும் குண்டு போடறான். சீனத்து விமானக் கம்பெனி ஒண்ணோட டி.சி-3 விமானம் சுய்ஃபூங்கற ஊருல நின்னப்ப குண்டு விழுந்து வலது றெக்கை நாசமாப் போச்சு. டி.சி-3க்கு மாத்து றெக்கை பக்கத்துல எங்கயும் இல்லை. ஹாங்காங்குல இருந்தது டி.சி-2வோட றெக்கை. அது அஞ்சடி கட்டை. கனமும் அவ்வளவு தாங்காது. இப்ப நீ என்ன பண்ணுவே? ஒரு கூட்டம் கூட்டுவே. ஒரு அறிக்கை கேப்பே. அவங்க அந்த றெக்கையை இன்னொரு விமானத்தோட வயித்துக்கு அடியில கட்டி, நூத்துக்கணக்கான மைலு பறந்து கொண்டுவந்து, டி.சி-3ல மாட்டிப்போட்டாங்க. இடது பக்கம் நெட்டை, வலது பக்கம் குட்டை. பறக்குமா? பறந்துச்சு! ஹாங்காங் வரைக்கும் போயிச் சேந்துச்சு. வரைபடம் கிடையாது, சோதனை கிடையாது, அடுத்த குண்டு விழறதுக்குள்ள கெளம்பியாகோணும். கையில இருக்கறதை வெச்சுப் பொளைக்கத் தெரிஞ்சவங்க கண்ணு அவங்க. இந்தக் கதையை ஒத்தை வரித் துப்பா நறுக்கறவனை நெனைச்சாத்தான் எனக்கு ஆத்தாமையா இருக்கு.

அது கெடக்கட்டும். விமானத்தைப் பாத்து இன்னதுன்னு சொல்றது ஒரு காலத்துல உசிரு போற வேவாரமா இருந்துச்சு, தெரியுமா? 1939 செப்டம்பர் 6. இங்கிலாந்து போர் அறிவிச்சு மூணு நாள் ஆச்சு. லண்டனுக்குக் கெழக்கால வானத்துல என்னமோ வருதுன்னு சேதி. ஆரும் எதிரி வரலை. ஆனாலும் இங்கிலாந்தோட ஸ்பிட்ஃபயருங்க போயி, இங்கிலாந்தோட ஹரிக்கேன் ரெண்டையே சுட்டுத் தள்ளிப்போட்டாங்க. ஒரு விமானி செத்துப்போனாரு. அதுக்கப்பறந்தான் ஊரே விழுந்து விழுந்து விமானம் அடையாளம் படிச்சுது. நிழல் படம், சீட்டு, அதுக்குன்னே தனிப் பத்திரிகை. இன்னைக்கு நீ ஆடறியே, இந்தப் புதிருக்கு அதுதான் பாட்டன்.

அமெரிக்காக் கடற்படை 1942ல பள்ளிக்கூடப் பசங்ககிட்ட அஞ்சு லட்சம் கட்டை விமானம் செஞ்சு தரச் சொல்லிக் கேட்டுச்சு. 72ல ஒரு பங்கு அளவு. கறுப்புச் சாயம். அந்த அளவு எதுக்குன்னு கேளு, கணக்கு அழகு. 35 அடி தள்ளி வெச்சுப் பாத்தா, நெச விமானம் அரை மைலுக்கு அந்தாண்டை வர்ற மாதிரியே தெரியும். காசில்லாம பாடம் முடிஞ்சுது. இன்னைக்கு எவனாச்சும் இதைச் செஞ்சா ஒரு செயலி போட்டு மாசச் சந்தா கேப்பான்.

அப்பறம் பாடம் சொல்லிக் குடுத்த விதத்தையும் கேட்டுக்க. மொதல்ல றெக்கையைப் பாரு, அப்பறம் எஞ்சின், அப்பறம் உடம்பு, அப்பறம் வாலுன்னு வரிசை போட்டாங்க. நாலையும் எண்ணி முடிக்கறதுக்குள்ள விமானம் தலைக்கு மேல வந்து குண்டைப் போட்டுட்டுப் போயிரும்! ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துல சாமுவேல் ரென்ஷான்னு ஒரு மனசு சாத்திர வாத்தியாரு அதைத் தூக்கிக் கடாசினாரு. படத்தைக் கண்ணு சிமிட்டற நேரங்கூடக் காட்டாம, மின்னலாட்டம் வெட்டிக் காட்டி, முழு உருவத்தையும் ஒரே அடியாப் புடிக்கப் பழக்கினாரு. கடற்படை அதையே எடுத்துக்கிட்டுது. இதுக்கு எதுக்கு வாத்தியாரு? நம்ம பட்டியில ஆடு மேய்க்கற பையனைக் கேளு. அந்தி மசங்கல்ல, நூறு ஆட்டுக்குள்ள பக்கத்துத் தோட்டத்து ஆடு ஒண்ணு பூந்தா, காதைப் பாத்தா சொல்றான்? கொம்பை அளந்தா சொல்றான்? நடை, சாயல், நிக்கற நிலை அத்தனையும் ஒண்ணாப் பாத்து, “அது நம்முளுது இல்லீங்க”ன்னு வெரட்டிப்போடுவான். நீ என்னடான்னா படத்தைப் பெருசு பண்ணி ஆணியை எண்ணிக்கிட்டிருக்கே.

இத்தனை படிச்சும் ஏமாந்தாங்க, அதையும் சொல்லோணும். ஜெர்மன்காரன் ஹைன்கெல் 100ன்னு ஒரு சண்டை விமானம் வெச்சிருந்தான். ஒரு டஜன் சொச்சம் இருக்கும். அதையே திருப்பித் திருப்பி வேற வேற படைப்பிரிவுச் சின்னம் எழுதி, வேற வேற எடத்துல நிறுத்திப் படம் புடிச்சு, ஹைன்கெல் 113ன்னு ஒரு புது விமானம் வந்திருச்சுன்னு 1940ல பத்திரிகையில போட்டான். அப்புடி ஒண்ணு கெடையவே கெடையாது. ஆனா இங்கிலாந்து விமானிக திரும்பி வந்து, “113 கூடச் சண்டை போட்டோம்”னு அறிக்கை எழுதியிருக்காங்க! இல்லாத விமானத்தை இருக்குன்னு அடையாளம் சொன்ன கெட்டிக்காரங்க. பசிபிக் பக்கம் இன்னொரு கூத்து. ஜப்பான்காரன் விமானத்துக்கெல்லாம் நேசப்படை செல்லப் பேரு வெச்சுது, சண்டை விமானத்துக்கு ஆம்பளப் பேரு, குண்டு போடறதுக்குப் பொம்பளப் பேரு. ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட்டையும் ஜப்பான் பறக்கவிடும்னு நெனைச்சு, அதுக்கு மைக்குன்னு முன்கூட்டியே பேரு வெச்சுக் காத்திருந்தாங்க. மைக்கு கடைசி வரைக்கும் சண்டைக்கு வரவே இல்லை.

சிரிப்புக்கு நடுவுல ஒரு எழவையும் சொல்லிப்போடறேன். 1943 ஜூலை 11 ராத்திரி, சிசிலித் தீவு. அமெரிக்காக்காரனோட 144 விமானம் சொந்தப் படையாளுகளை ஏத்திக்கிட்டு வந்துச்சு. கீழ இருந்த சொந்தக் கப்பலும் சொந்தப் பீரங்கியும் எதிரின்னு நெனைச்சுச் சுட்டதுல 23 விமானம் விழுந்துச்சு. நிழல் படம் பாத்தவன், சீட்டுப் படிச்சவன் எல்லாம் அந்தக் கூட்டத்துலயும் இருந்திருப்பான். இருட்டு, பயம், சத்தம். அதுல எந்தப் படிப்பு நிக்கும்?

அடுத்த வருசம் நார்மண்டிக்கு எறங்கறப்ப என்ன பண்ணினாங்க தெரியுமா? இன்னும் பெரிய புஸ்தகம் போட்டாங்களா? சாயத்தையும் பிரஷையும் எடுத்தாங்க. விமானங்களோட றெக்கையிலயும் உடம்புலயும் மூணு வெள்ளைக் கோடு, ரெண்டு கறுப்புக் கோடு. சின்ன விமானத்துக்குக் கோடு ஒண்ணரை அடி அகலம். சேதி கசிஞ்சரக் கூடாதுன்னு கடைசி ரெண்டு மூணு நாள்ல அவசர அவசரமா அடிச்சதால கோடு கோணலும் மாணலுமா இருக்கும். கோடு இருக்கா, சுடாதே. சட்டம் அவ்வளவுதான். இதைச் சொன்ன புத்தி எந்தப் பட்டப்படிப்புல இருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. எங்க காலத்துல சந்தைக்குப் போற ஆட்டுக்குச் சிகப்பு மசி பூசின ஆளு எவனாச்சும் அங்க அதிகாரியா இருந்திருப்பான்.

பெரிய துப்பறியற கூட்டம் மட்டும் லேசா என்ன? 1960கள்ல அமெரிக்க உளவுக்காரங்க வானத்துல இருந்து எடுத்த படத்துல காஸ்பியன் கடலோரம் ஒரு பூதாகாரம். 92 மீட்டர் நீளம், பத்து எஞ்சின், றெக்கை மட்டும் குட்டை. கப்பலா? விமானமா? மண்டையை ஒடைச்சுக்கிட்டுக் கடைசியில ‘காஸ்பியன் கடல் அரக்கன்’னு பேரு வெச்சாங்க. ரோஸ்திஸ்லாவ் அலெக்சேயெவ் செஞ்சது. தண்ணிக்கு மேல சில மீட்டர் ஒசரத்துல, றெக்கைக்கு அடியில அமுங்கற காத்து மேலயே ஏறிச் சவாரி போற வண்டி. உன்ற கேள்விக்காரன் படத்தை வெட்டறான். அங்க மேகம் வெட்டிச்சு. வித்தியாசம் அவ்வளவுதான்.

நீ இத்தனை தேசத்து விமானத்தைத் தேடறியே, நம்ம கோயமுத்தூருல என்ன இருந்துச்சுன்னு தெரியுமா? கடலே இல்லாத ஊருல இங்கிலாந்துக் கடற்படைக்கு ஒரு விமானப் பழுதுப் பட்டறை! ரெண்டாம் உலகப் போரு சமயம். கடற்படைக்காரங்க தரையில இருக்கற எடத்துக்கும் கப்பல் பேருதான் வெப்பாங்க. அதுக்குக் கருடான்னு பேரு. சூலூருலயும் அவங்க எடம் இருந்துச்சு. இன்னைக்கு அதே சூலூரு மேல தேஜஸ் விமானம் போகுது. எந்தக் கேள்விக்காரனும் இதைக் கேக்கலை. நீயும் கேட்டதில்லை. ஜெர்மன்காரன் பாதி வால் தெரியற உனக்கு, பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துல போற ஊரு சேதி தெரியலை.

விளையாட வேண்டாம்னு நான் சொல்லலை கண்ணு. சும்மா சீட்டாடறதுக்கு இது எவ்வளவோ தேவலை. ஆனா அடுத்த தடவை நீ கேள்வி போட்டா, மூக்கை வெட்டாமப் போடு. விடை வந்ததும் “சரி”ன்னு மூடிப்போடாம, அதைச் செஞ்சவன் எதுக்குச் செஞ்சான், எங்க இடறினான், ஓட்டினவன் பொளைச்சானா செத்தானான்னு நாலு வரி எழுது. படிக்கறவனுக்கு ஒரு பேரு கூடுதலா வந்து என்ன ஆகப்போகுது?

இப்ப அப்பாரு ஒரு கேள்வி போடறேன். வளைவு நெளிவு ஒண்ணும் கெடையாது. பெங்களூருல பொறந்துச்சு. உருவம் போட்டவரு ஜெர்மன்காரரு, ஃபோக்க-வுல்ஃப் 190ஐச் செஞ்ச அதே மனுசன். 1961 ஜூன் மாசம் மொதல்ல பறந்துச்சு. ஒலியை முந்தற உடம்பு. ஆனா அந்த உடம்புக்கு ஏத்த எஞ்சின் கடைசி வரைக்கும் வாய்க்கலை. ரெண்டு சின்ன எஞ்சினை வெச்சே காலம் தள்ளுச்சு. அதோடயே 1971 போருல ராஜஸ்தான் பக்கம் சண்டைக்கும் போச்சு. மொத்தம் 147 செஞ்சாங்க. வேதத்துல வர்ற காத்துத் தேவருங்க பேரைத்தான் அதுக்கு வெச்சாங்க. என்ன பேரு? போனைப் பாக்காமச் சொல்லு.